ஒன்றாம் நம்பர் மிஷினும் ஜானகியின் ஈரத்துணியும்

தி.நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜாக்கெட் துணிக் கடைக்கு மேலே முதல் மாடியில் என் அத்திம்பேர் பத்ரிநாராயணன் ஒரு கேம் சென்டர் நடத்தினார். அத்திம்பேர் என்றால் என் அக்கா சூடாமணியின் கணவர். எட்டுக் கம்ப்யூட்டர், எட்டு ஸ்டியரிங், காலுக்கு எட்டு ஜோடி பெடல். உட்கார்ந்த இடத்திலேயே கார் ரேஸ் ஓட்டலாம். தொண்ணூற்றெட்டில் அது பெரிய சமாசாரம். ரேடியோ, டி.வி. ரிப்பேரில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த என்னை, கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்றை முடிக்கச் சொல்லி, மெயின்டனன்ஸ் என்ற பெயரில் அங்கே உட்கார வைத்தவரும் அவர்தான். முப்பத்தெட்டு வயதில் அக்கா புருஷன் தயவில் சாப்பிடுகிறவனுக்கு என்ன மரியாதை உண்டோ அது எனக்கும் இருந்தது. பின்னால் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அது சமாதானமாகாது என்று எனக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது ஜானகியைப் பற்றி. சென்டரைப் பெருக்கித் துடைக்கிறவள். நாற்பத்தொரு வயது. நான் அவளை வா, போ என்றுதான் பேசினேன். அவளும் என்னை 'சார், நீ' என்றுதான் பேசினாள். கணக்கு நேராகிவிட்டது.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே ஒரு பெண்ணைப் பெற்றவள். புருஷன் கோதண்டபாணி பெயிண்டர். மந்தைவெளியில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு நாலு வீடு, ஒரு ஆபீஸ், கடைசியில் எங்கள் சென்டர். தொண்ணூற்றெட்டு ஜூனில் ஆற்றங்கரையைக் காலி செய்து, கொட்டிவாக்கமெல்லாம் தாண்டித் தெற்கே எங்கேயோ மனை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தி.நகர் வர இரண்டு பஸ். மகள் தமிழ்மொழி பத்தாவது படித்துக்கொண்டிருந்ததால் பள்ளிக்கூடத்தை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பெண்ணும் காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துப் பழைய பள்ளிக்கூடத்துக்கே வந்து போனது.

புது இடத்தில் குழாய் கிடையாது. தண்ணீர் லாரிதான். ஒரு நாள் ஐந்தரைக்கு வரும், ஒரு நாள் ஏழுக்கு வரும், அதற்கு இஷ்டப்பட்டபோது வரும். ஜானகி லாரிக்கு நின்று, நாலு குடம் பிடித்து வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். எட்டுக்கு வந்துவிடுவாள், லாரி ஏமாற்றிய நாளில் எட்டரை, ஒன்பது. சென்டர் திறப்பது பத்து மணிக்கு என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண் பள்ளிக்கூடம் போனது, அம்மா வேலைக்கு வந்தாள். எப்படியோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் கெடுத்தது அந்த ரேஸ் கார்.

எங்கள் சென்டரில் காரை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒரு மிஷினில் தனியாக உட்கார்ந்து, அந்த மிஷினே ஓட்டுகிற கார்களோடு போட்டி போடுவது ஒன்று. இதற்குத் தனி என்று பெயர். எட்டு மிஷினையும் ஒரே ஒயரில் கோத்திருந்தோம். அதன் வழியாக எட்டுப் பேரும் ஒரே ரேஸில் ஓடுவது இன்னொன்று. இதற்கு லைன் என்று பெயர். லைனில்தான் கூட்டம். புகார் வந்ததும் லைனில்தான்.

முதலில் வாயைத் திறந்தவன் வலியுல்லா. ராயப்பேட்டைக்காரன், மருந்து கம்பெனி ரெப். டாக்டர்கள் சாப்பிடப் போகிற மதிய வேளையில் டையைத் தளர்த்திக்கொண்டு நாலாம் நம்பரில் வந்து உட்காருவான். தனியில் அவனை எந்தக் காரும் முந்த முடியாது. லைனில் அவனை எல்லோரும் முந்தினார்கள்.

"இன்னா சார் மிஷின் வெச்சிகினுகீறீங்க? தனியா ஓட்டசொல்ல வண்டி சொன்ன பேச்சு கேக்குது. லைன்ல போட்டா அதே வண்டி, அதே வளைவு, பின்னாடி வழுக்கிக்கினு போய் செவுத்துல முட்டுது. எதுனா கோல்மால் பண்றீங்களா?"

ஒருவன் சொன்னால் தள்ளிவிடலாம். வாரத்துக்குப் பத்துப் பேர் சொன்னார்கள். அத்திம்பேர் முதலில் வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார். அந்த வருஷம் தி.நகரில் சுவரை இடிக்காத கடையே கிடையாது. அவர் திசைமானியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றாம் நம்பர் மிஷினைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினோம். தென்மேற்கிலிருந்தும் கார் வழுக்கியது.

பிறகு என்னிடம் வந்தார். மதியம் இரண்டு மணி இருக்கும். நான் தயிர் சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா ராமானுஜம், வரவா எல்லாம் ஏமாத்து வேலைன்னு சொல்லிண்டு போறா. மெயின்டனன்ஸ்னு உன்னை உக்காத்தி வெச்சிருக்கேன். என்னன்னுதான் பாரேன்."

எனக்கு என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எதிரே ஜானகி யாரோ கொட்டிய காப்பியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அலுப்பாக இருந்தது, பசித்தது, அவர் நகர்ந்தால் போதும் என்று இருந்தது.

"தரையெல்லாம் தண்ணி போட்டுத் துடைக்கறாளோன்னோ அத்திம்பேர், ஒயர்ல ஈரம் ஏறியிருக்கும்" என்றேன்.

அத்திம்பேர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே ஒயர் முழுவதையும் புதிதாக மாற்றச் சொன்னார். சரி, ஈரம்தானே பிரச்சினை, துடைப்பதை நிறுத்திவிட வேண்டியதுதானே? அதுவும் முடியாது. தரையைத் துடைத்து, வாசலில் கோலம் போட்டு, சுவாமி படத்துக்கு விளக்கேற்றாமல் அவர் ஒரு மிஷினையும் போட விடமாட்டார். துடைத்தும் ஆக வேண்டும், ஈரமும் இருக்கக் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஜானகி ஆறு மணிக்கே வந்து துடைத்துவிட வேண்டும். நாலு மணி நேரம் ஃபேனைச் சுழல விட்டுத் தரை காய வேண்டும். அதற்கப்புறம் விளக்கு, அதற்கப்புறம் மிஷின். சாவி கீழே வாட்ச்மேனிடம் இருக்கும்.

ஜானகியிடம் இதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"நான் ஒயரு கிட்ட ஈரத்துணிய கொண்டே போறதில்ல சார். அந்த ஓரமா காஞ்ச துணி தான் போடறேன். நீ பாத்துக்கினு தானே கீற?"

"முதலாளி சொல்லிட்டாரும்மா. நான் என்ன பண்ண?"

"ஆறு மணிக்கு வரணும்னா நான் நாலரை வண்டி புடிக்கணும். தண்ணி லாரிக்கு யாரு நிக்கறது?"

நான் மேஜையைத் துழாவி ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். வேண்டியிருந்தது என்று இல்லை.

அன்றிலிருந்து லாரிக்குத் தமிழ்மொழி நின்றது. லாரி ஐந்தரைக்கு வந்தால் பள்ளிக்கூடம் உண்டு. ஏழுக்கு வந்தால் இல்லை. இதெல்லாம் ஜானகி என்னிடம் வந்து அழுது சொன்னதில்லை. வாரம் இரண்டு நாள் போச்சு, மூன்று நாள் போச்சு என்று வாளியைக் கழுவிக்கொண்டே பொதுவாகச் சொல்லுவாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கிற ஜாதியில்லை. செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு வேலை பார்க்க அவளால் முடியவில்லை. அவள் வேலை இரண்டு மணியோடு முடியும். மதியக் கூட்டம் வந்து உட்கார்ந்ததும், கையில் துணியோடு நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுவிடுவாள். கூட்டம் கலையும்வரை நிற்பாள். இப்படிப் பத்து நாள் நின்றாள். நான் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

பதினோராவது நாள் என்னைக் கூப்பிட்டாள். நாலாம் நம்பரில் வலியுல்லா, சிவப்புக் கார். பக்கத்தில் ஐந்தாம் நம்பரில் ஜெயராம் என்று ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க் ஒருவன், நீலக் கார். லைனில் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க, என் எடத்துல நின்னு பாரு சார். ரெண்டு டிவியையும் பாரு."

பார்த்தேன். வலியுல்லாவின் திரையில் சிவப்புக் கார் ஒரு மூக்கு முன்னால் கோட்டைத் தாண்டியது. அதே நேரம் ஜெயராமின் திரையில் நீலக் கார் ஒரு மூக்கு முன்னால் தாண்டியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கினார்கள். உடனே சண்டையும் ஆரம்பித்தது.

"டெய்லி இதே சண்ட தான். ரெண்டு பேருமே பொய் சொல்லல" என்றாள் ஜானகி. "அவனவன் டிவியில அவனவன் தான் மொதல்ல வரான். ஓட்றவனுக்கு அவன் டிவி மட்டும் தான் தெரியுது. நான் பின்னால நிக்கசொல்ல ரெண்டும் தெரியுது. இதுக்கும் என் துணிக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மிஷினுக்கு அதன் சொந்தக் கார் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். மற்றவனுடைய கார் எங்கே என்கிற சேதி ஒயர் வழியாக வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதுவரை, இந்நேரம் இங்கே இருப்பான் என்று தானே ஊகித்து வரைந்து காட்டுகிறது. சேதி வந்ததும் ஊகம் தப்பாக இருந்தால் காரைச் சட்டென்று சரியான இடத்துக்கு நகர்த்துகிறது. ஓட்டுகிறவனுக்கு எவனோ வந்து இடித்த மாதிரி இருக்கும், கார் துள்ளும். டிப்ளமோ வாங்கியவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, ஏனென்றால் நான் ஒரு நாளும் இரண்டு திரைகளுக்கு நடுவில் நின்று பார்த்ததில்லை.

"இன்னொண்ணு கீது" என்றாள். வலியுல்லாவிடம் திரும்பி, "நைனா, இப்ப தனியா ஒரு வாட்டி ஓட்டு" என்றாள்.

அவன் ஓட்டினான். வளைவு வந்தது. திரையின் கீழ் மூலையில் கால் மாதிரி ஒரு சின்னப் படம் மஞ்சளாக எரிந்தது. கார் அழகாக வேகம் குறைந்து திரும்பியது.

"மஞ்சா கால் எரியுதா? இப்ப கீழ அவன் கால பாரு. பிரேக்கு மேலயே இல்ல. அவன் அமுக்கல சார், அவனுக்காக வேற யாரோ அமுக்கறாங்க. லைன்ல இந்த மஞ்சா கால் எரியறதே இல்ல."

இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவள். படத்தைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள், கண்டுபிடித்துவிட்டாள்.

நான் ஒன்றாம் நம்பர் மிஷினில் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். தனியில் ஓட்டும்போது வளைவுகளில் விளையாட்டே பாதி பிரேக்கைப் போட்டுக் கொடுக்கிறது. ஓட்டுகிறவன் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறான். லைனிலோ எட்டு மிஷினும் ஒன்றாம் நம்பர் வைத்த சட்டத்துக்குத்தான் கட்டுப்படும். ஒன்றாம் நம்பரில் அந்த உதவியெல்லாம் அணைந்து கிடந்தது. போதாததற்கு டாங்க் முழுக்கப் பெட்ரோல். முழு டாங்க் கனத்தோடு, பிரேக் உதவியும் இல்லாமல், அதே வேகத்தில் வளைவில் திருப்பினால் எந்தக் காரும் வழுக்கத்தான் செய்யும். அப்படி யார் வைத்தது? சென்டர் திறந்த முதல் வாரம், அசல் ரேஸ் மாதிரி இருக்கட்டும் என்று வைத்தவன் நான்தான். வைத்ததையே மறந்துபோயிருந்தேன்.

"இன்னா சார், துணியா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். அவளிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்.

செட்டிங்கை ஐந்து நிமிஷத்தில் மாற்றினேன். லைனிலும் கார் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. கோட்டைத் தாண்டும் சண்டைக்கு மருந்தில்லை. அதற்கும் ஜானகியையே பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நின்று இரண்டு திரையையும் பார்ப்பாள். இரண்டும் ஒன்றைச் சொன்னால் பெயரைச் சொல்வாள். வேறு வேறாகச் சொன்னால், "திரும்ப ஓட்டுங்க" என்பாள். படித்தவன், டை கட்டியவன், ஒருத்தனும் அவளை எதிர்த்துப் பேசவில்லை.

அத்திம்பேருக்கு ஒரே சந்தோஷம்.

"என்னடா பண்ணினே?"

"செட்டிங்ல ஒரு சின்னக் கோளாறு. கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்போ அந்த ஈரம்?"

அவ்வளவுதான் கேட்டார். ஈரமெல்லாம் இல்லை அத்திம்பேர், நான் உளறினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒயரையெல்லாம் மாற்ற வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செட்டிங்கைக் கெடுத்தவனும் நான்தான் என்று வெளியே வரும். அக்கா காதுக்குப் போகும்.

"அதுவும் ஒரு காரணம்தான்" என்றேன்.

இது அக்டோபரில். ஆறு மணி ஆறு மணியாகவே இருந்தது.

டிசம்பரில் ஒரு மழை நாள் ஜானகி என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். எங்கள் நாற்காலியில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அன்றும் உட்காரவில்லை.

"சார், பொண்ணு ரொம்ப நாள் போவலன்னு பள்ளிக்கூடத்துல பேர அடிச்சிடுவேன்றாங்க. பரிச்ச எழுத வுட மாட்டாங்களாம். முதலாளி கைல ஒரே ஒரு வார்த்த சொல்லு. தண்ணியால இல்லன்னு. நான் பழையபடி எட்டு மணிக்கு வந்துர்றேன்."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னேன் சார். ராமானுஜம் தான் படிச்சவன், அவன் சொல்லட்டும்ன்றாரு."

"திங்கக்கிழமை சொல்றேன்" என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை அத்திம்பேர் காஞ்சிபுரம் போயிருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவருக்கு யார்மேலோ கோபம். அதற்கடுத்த திங்கள் மார்கழி பஜனை, நல்ல மனநிலையில் இருந்தார், கெடுப்பானேன் என்று விட்டேன். திங்கட்கிழமைகளுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஜானகி மறுபடி கேட்கவில்லை. நான் உள்ளே வரும்போது ஒரு தடவை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். இன்றைக்கும் இல்லை என்று தெரிந்ததும் குனிந்துகொள்வாள்.

பொங்கல் கழித்து ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சண்டை இல்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. மொட்டை மாடியில் வாளியைக் கவிழ்த்து வைத்து, துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அத்திம்பேர் வேறு ஆளைப் போட்டார்.

புது ஆள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவாள், பின்னால் நிற்கமாட்டாள். கோட்டைத் தாண்டும் சண்டை பெரிதானது. நான் போய் நின்றால், "சார், நீ முதலாளி வூட்டு ஆளு" என்று ஒதுக்கிவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு நாள் ஜெயராமும் வலியுல்லாவும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஸ்டியரிங் உடைந்தது. "அந்த அக்கா இருந்தப்ப இப்டி இல்ல சார். அது எங்க போச்சு?" என்று வலியுல்லா அத்திம்பேரிடமே கேட்டுவிட்டான்.

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஏனோ என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல், பிரேக், யார் கண்டுபிடித்தது, யார் உளறியது, லாரி, பத்தாவது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, வேலை போயிற்று என்று நின்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அசடு. இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? போய் அவளை வரச் சொல்லு. எட்டு மணிக்கே வரட்டும்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டுக்குப் பயந்து ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மறுநாளே கிளம்பினேன். அடையாறில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவள் இதைத் தினமும் விடிவதற்கு முன்னால் செய்திருக்கிறாள். மரமில்லாத மணலில் வரிசையாகச் சிமெண்ட் வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் நீல டிரம். கேட்டுக் கேட்டுப் போனேன். ஜானகி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

"பொண்ணு எங்கே?"

"எக்ஸ்போர்ட் கம்பெனில நூல் வெட்டப் போவுது. பரிச்ச எழுத வுடல. அடுத்த வருசம் வான்னாங்க. இதுக்கு அப்பால அது எங்க போவப் போவுது?"

"ஜானகி, முதலாளி உன்னை வரச் சொன்னார். எட்டு மணிக்கு வந்தா போதுமாம். தண்ணியால இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எட்டு மணியா" என்றாள்.

"தண்ணியால இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்லாம இருந்துட்டேன். தப்புதான்."

"அன்னிக்கே உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "உனக்குக் காட்னதே நான் தானே. பத்து நாள் கால் கடுக்க நின்னு பாத்தேன். நீ போய்ச் சொல்லுவன்னு தான் காட்னேன்."